அம்மாவுக்கு மலை ஆகாது

எங்கள் வீட்டில் சில பேச்சுகள் யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டவை. தம்பிக்குக் கணக்கு வராது. எனக்கு இருட்டு என்றால் பயம். அம்மாவுக்கு மலை ஆகாது. தம்பி இன்றைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வரவுசெலவு முழுவதையும் பார்த்துக்கொள்கிறான். நான் பத்து வருடம் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்துவிட்டேன். மூன்றாவது பேச்சு மட்டும் அசையாமல் அப்படியே நின்றது. இத்தனைக்கும் எங்கள் ஊர் சிறுமுகை. மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால் நீலகிரி மொத்தமும் கண் முன்னால் நிற்கும். காலையில் சாம்பல் நிறம், பத்து மணிக்குப் பச்சை, சாயங்காலம் கருநீலம். பங்குனி, சித்திரையில் சில இரவுகள் சரிவில் காட்டுத்தீ எரிவது சிவப்புக் கோடாகத் தெரியும். அம்மா அந்த மாடியில் முப்பத்தொன்பது வருடமாகத் துணி காயப்போடுகிறாள். மலைக்கு மட்டும் போனதில்லை.

வருடா வருடம் மே மாதத்தில் அப்பா என்னையும் தம்பியையும் ஊட்டிக்குக் கூட்டிப் போவார். விடியற்காலை மூன்று மணிக்கே அம்மா எழுந்து புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தயிர்சாதத்தில் திராட்சை போட்டு மூன்று தூக்குகளில் அடைத்துக் கொடுப்பாள். பஸ்ஸில் எனக்கும் குமட்டும் என்று அரை எலுமிச்சம்பழத்தைக் கைக்குட்டையில் சுற்றித் தருவாள். வாசலில் நின்று “பாத்துப் போயிட்டு வாங்க” என்பாள். இரண்டு நாள் கழித்து நாங்கள் திரும்பும்போது அப்பா கையில் செய்தித்தாளில் பொதிந்த வர்க்கியும் இலையோடு கேரட்டும் இருக்கும். எல்லாம் அம்மாவுக்கு என்றே வாங்கியவை. அடுத்த மூன்று நாள் வீட்டில் கேரட் பொரியல். இதில் ஏதோ குறைகிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும் அதே வழக்கம்தான். நாங்கள் குழந்தைகளோடு மலைக்குப் போவோம், அம்மா சாப்பாடு கட்டித் தருவாள்.

போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், என் ஏழு வயது மகள் மாடியில் அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அம்மாயி, நீங்க அந்த மலைக்குப் போயிருக்கீங்களா?” என்று கேட்டாள். அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாதி வரைக்கும் போயிருக்கேன்” என்றாள்.

பாதி வரைக்கும். என் வயதுக்கு நான் கேள்விப்படாத செய்தி அது. எப்போது, எந்தப் பாதி என்று கேட்டேன். “அது அந்தக் காலம்” என்று சொல்லிவிட்டு, தறியில் இழை அறுந்து கிடக்கிறது என்று கீழே இறங்கிப் போய்விட்டாள். சென்னைக்குத் திரும்பி வேலையில் முங்கிய பிறகும் அந்தப் பாதி என்னை விடவில்லை. மலையில் பாதி என்பது எந்த இடம்? பாதி வரைக்கும் போன ஒருத்தி ஏன் மீதியைப் போகவில்லை?

ரயிலைப் பற்றி யோசித்தது அப்போதுதான். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். உலகமெங்கிருந்தும் ஆட்கள் வந்து ஏறுகிற ரயில் அங்கேதான் நிற்கிறது, குன்னூர் வரை 1899இலிருந்து ஓடுகிறது. வளைவில் பஸ் சுழற்றித் திருப்பும்போது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது, முன் சீட்டின் முதுகையே பார்க்கிற கண் ஆடவில்லை என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரள்கிறது. டீசல் வாசனையும் பின் சீட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மலை ரயிலில் இதில் பெரும்பகுதி கிடையாது. ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டரை ஏற அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும், கண் தூரத்தையே பார்த்துக்கொண்டு போகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த ரயிலில் நான் மூன்று தடவை போயிருக்கிறேன். அம்மாவையும் அந்த ரயிலையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நவம்பருக்கு டிக்கெட் போட்டேன். அம்மா வேண்டாம் என்று பத்து நாள் சொல்லிவிட்டு, பதினோராம் நாள் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மழையில் பாதையில் மண்சரிவு, ரயில் ரத்து. போனில் சொன்னபோது, “பாத்தியா கண்ணு, எனக்கு மலை ஆகாது” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எடுத்து வைத்த துணிகளை அவள் திரும்ப பீரோவில் அடுக்குகிற சத்தம் போனில் எனக்குக் கேட்டது. அன்றைக்கே குடியரசு தின விடுமுறை எந்தக் கிழமை என்று பார்த்தேன். திங்கட்கிழமை. முன்பதிவு திறக்கிற நாளில் காலை எட்டு மணிக்கு நானும் கணவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து ஐந்து டிக்கெட் பிடித்தோம்.

காலை 7.10 வண்டி

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அம்மா குளித்து, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்தி வாசலில் தயாராக நின்றாள். கையில் மூன்று தூக்கு. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு. “இன்னிக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன். “மலைக்குப் போறவங்களுக்குக் கட்டிக் குடுக்காம எப்படி?” என்றாள். அவள் மடிப்பையில் எலுமிச்சம்பழம் ஒன்றல்ல, ஏழு இருந்தன. நான்கு பாலிதீன் பைகளும் இருந்தன. அவற்றை வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பவானியைத் தாண்டியது. பிறகு பாக்குத்தோப்பு. கல்லாறு ஸ்டேஷன் வரைக்கும் சமதரைதான், சாதாரண ரயில்தான். அங்கிருந்துதான் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறும். இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று பன்னிரண்டு வயது மகன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். “அப்ப முன்னாடி யாரு வழி பாக்கறது?” என்று அம்மா கேட்டாள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்காரர் நின்று கொடி காட்டுவதை அவன் எட்டிக் காட்டினான். கல்லாறு தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறியது. அதுவரை உருண்டுகொண்டிருந்த சத்தம், இப்போது கடக், கடக் என்று ஒவ்வொரு பல்லாக எண்ண ஆரம்பித்தது.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்த காது அது. “இதென்ன, நம்ம தறியில துணி சுருட்டுற மரத்துல இருக்கற சக்கரந்தானே?” என்றாள். மகனுக்குப் புரியவில்லை, எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. அம்மா கையால் செய்து காட்டினாள். நெய்த துணியைச் சுருட்டும் உருளையின் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் இருக்கும், அதன் பல்லில் ஒரு கொக்கி விழுந்து நிற்கும். ஒரு பல் முன்னால் போனால் திரும்பிப் பின்னால் வராது. பாவு எவ்வளவு விறைப்பாக இழுத்தாலும் வராது. “அந்தக் கொக்கி இல்லைன்னா ஒரு முழம் நெய்யறதுக்குள்ள எல்லாம் கொழகொழன்னு ஆயிரும். இதுவும் அதேதான். பின்னாடி சறுக்காம இருக்கத்தான் பல்லு.” பல் பட்டையின் வேலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த கேரளத்துப் பெரியவர் ஒருவர் “கரெக்ட்டு, கரெக்ட்டு” என்று தலையாட்டினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பாலிதீன் பையைத் தொடவில்லை.

குகை வந்தால் பெட்டி மொத்தமும் கத்தும், தெரிந்ததுதானே. இந்தப் பாதையில் 16 குகைகள். முதல் குகையில் என் பிள்ளைகள் கத்தினார்கள், அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதில் சிரித்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ, இருட்டுக்குள் எனக்கு இடது பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு “ஊஊ” கேட்டது. வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

பாதி என்பது எந்த இடம்

ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. எல்லோரும் இறங்கினோம். அந்த ஸ்டேஷனில் டீக்கடை, வடை, குரங்குகள், சுற்றிலும் காடு. ஊர் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளைகளைக் கணவர் இன்ஜின் பக்கம் கூட்டிப் போனார். அம்மாவும் நானும் டீ வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துத் திண்டில் உட்கார்ந்தோம். அம்மா பள்ளத்தாக்கைப் பார்த்து, “ரோடு எங்க போவுது?” என்று கேட்டாள். மரங்களுக்கு அந்தப் பக்கம், கீழே என்று கைகாட்டினேன். “பர்லியாறு?” என்றாள். அதுவும் அந்தப் பக்கம்தான், நாம் அதைத் தாண்டி மேலே வந்துவிட்டோம் என்றேன்.

“அங்கதான் இறங்கினேன்” என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். 1987, வைகாசி மாதம். கல்யாணமாகிப் பத்து மாதம். அப்பாவின் அக்கா குடும்பமும் அப்பாவும் அம்மாவுமாக எட்டுப் பேர் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முந்தைய சீட்டு. கல்லாறு தாண்டியதுமே அம்மாவுக்கு வயிறு புரண்டது. யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பெண், நாத்தனார் வீட்டு ஆட்கள் கூட இருக்கிறார்கள், எப்படிச் சொல்வது? நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ, அடக்க முடியாமல் எடுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்ணின் சேலையில் பாதி. அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். “அதெல்லாம் பரவால்ல கண்ணு, அவுங்க துணி, அவுங்க பஸ்ஸு. உங்க அத்தை முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க பாரு. அதுதான் எனக்கு.” அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

பர்லியாறில் பஸ் நின்றபோது அம்மா இறங்கிவிட்டாள். அப்பாவும் கூடவே இறங்கினார். மற்றவர்கள் அதே பஸ்ஸில் மேலே போனார்கள். குழாயடியில் அம்மா முகம் கழுவி, சேலையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அப்பா பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கி வைத்திருந்தார். அதை எப்படி உடைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்பா இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி உடைத்து, உள்ளே இருந்த வெள்ளைச் சுளையைக் கொடுத்தார். “மொத மொதல்ல நான் மங்குஸ்தான் தின்னது அங்கதான். அவ்வளவு எடுத்த வாய்க்கு அது எப்படி இருந்துதுங்கற!” இறங்குகிற பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. “நீ வயித்துல இருந்தே.”

குரங்கு ஒன்று யாருடைய வடையையோ பறித்துக்கொண்டு கூரைமேல் ஏறியது. பிளாட்பாரமே சிரித்தது. எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் நின்ற ஒரு தீர்ப்பு. அதற்குச் சாட்சி ஒரே ஒரு பஸ் பயணம். அந்தப் பயணத்தில் அம்மாவின் வயிற்றைப் புரட்டியதில் மலைக்குப் பாதி பங்கு, எனக்குப் பாதி பங்கு. மசக்கை என்று தெரிந்த அன்றைக்கே யாராவது ஒருவர், அப்ப அது மலையால இல்லையோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியாரோ, அத்தையோ, ஏன், அப்பாவோ. யாரும் சொல்லவில்லை. அதற்குள் அந்தப் பேச்சு வீட்டுக்குள் குடியேறிவிட்டது.

“ஏம்மா சொல்லவே இல்ல?” என்றேன்.

“யாரு கேட்டா?” என்றாள். கோபமே இல்லாத குரல். டீ கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, “ஊதறான் பாரு, ஏறு” என்றாள்.

ருத்திராட்சம்

குன்னூரில் இறங்கி அறையில் பையை வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டைச் சிம்ஸ் பூங்காவின் புல்வெளியில் வைத்துக்கொண்டோம். வீட்டுப் புளிசாதத்தை மலையில் உட்கார்ந்து அம்மா சாப்பிட்டது அன்றுதான். ஒரு வாய் வைத்து, “இங்க வந்தா உப்பு கொறையுதே” என்றாள். குளிரில் சாப்பாடு அப்படித்தான் தோன்றும் என்று எங்களுக்கெல்லாம் எத்தனையோ வருடமாகத் தெரியும். அவள் இத்தனை வருடமும் கீழ்நாட்டு நாக்குக்கு உப்புப் போட்டு மலைக்கு அனுப்பியிருக்கிறாள்.

பூங்கா ஒரு சரிவு. மேலே நுழைந்தால் இறங்கிக்கொண்டே போகலாம். அங்கே ருத்திராட்ச மரம் இருக்கிறது. அதன் அடியில் மகள் எதையோ பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கோலிக்குண்டு அளவில் ஒரு காய். அதன் நீலம் இருக்கிறதே, அதைப் பழத்தின் நிறம் என்று நம்பவே முடியாது, மயில் கழுத்து நீலம். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகன் உள்ளேதான் ருத்திராட்சம் இருக்கிறது என்றான். அம்மா நம்பவில்லை. ஒரு கல்லின் மேல் வைத்துத் தேய்த்துத் தோலை உரித்தாள், பச்சைச் சதையை நகத்தால் சுரண்டி, பாட்டில் தண்ணீரில் கழுவினாள். கோடும் மேடுமாகக் கொட்டை வந்தது. முகத்தை எண்ணினாள். ஐந்து. சட்டென்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் முந்தானையில் முடிந்தது அந்தக் கொட்டையை இல்லை, உரித்துப் போட்ட நீலத்தோலை. “இந்தக் கலர்ல ஒரு ஊடை ஓட்டிப் பாக்கணும்” என்றாள். கொட்டையை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல என்னென்னவோ பேசினேன். உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை என்றெல்லாம். அம்மா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் சொன்னாள்: “நீ பாவம்னு நெனச்சுக்காத. நீங்க மலைக்குப் போற அந்த ரெண்டு நாளு வீடு எனக்கே எனக்கா இருக்கும். ஒரு ரசம் வெச்சா போதும். தறியில எப்பத் தோணுதோ அப்ப உக்காருவேன். ராத்திரி பத்து மணிக்கு ரேடியோவப் போட்டுக்கிட்டு நெய்வேன், சத்தம் போடாதன்னு சொல்ல ஆளில்ல. நான் நெய்ததுலயே நல்ல சேலைங்க அந்த மே மாசத்துல நெய்ததுதான்.”

இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. ஹில்குரோவில் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. அம்மாவுக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது, அதை நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன், கணக்கு முடிந்தது. இப்போது அந்தக் கணக்கு குழம்பிவிட்டது. ஒரு பொய்யான வாக்கியத்தை அவள் தலையில் வைத்தோம். அவள் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வருடத்துக்கு இரண்டு நாள் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டாள். அப்படியானால் அவளுக்கு மலை ஆகாது என்பது யாருடைய வசதிக்காக இத்தனை வருடம் நின்றது? எங்கள் வசதிக்கா, அவள் வசதிக்கா? வேறு எந்த வழியிலும் அந்த இரண்டு நாள் அவளுக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. மலைக்கு வரவில்லை, எனக்கு வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்போது சொல்லியிருக்க முடியுமா? ஒத்துக்காது என்றால் மட்டும்தான் விடுவார்கள். உடம்பு சொன்னால்தான் கேட்பார்கள், மனது சொன்னால் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கு இது தெரிந்துதான் அந்தப் பேச்சைத் திருத்தாமல் விட்டாளா? கேட்க வாய் வரவில்லை. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊட்டி. குன்னூரிலிருந்து டீசல் இன்ஜின், பல் பட்டை கிடையாது, வண்டி கொஞ்சம் வேகமாகவே போனது. கேத்திப் பள்ளத்தாக்கில் படி படியாக வெட்டின வயல்களில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். “உங்கப்பா கொண்டாருவாரே” என்று அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது மறையும் வரை பார்த்தாள். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. தாவரவியல் பூங்காவில் பிள்ளைகள் புல்லில் உருண்டார்கள், படகுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம், மூன்று நாள் விடுமுறைக் கூட்டம். ஊட்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா வர்க்கி வாங்கினாள். அண்டை வீட்டாருக்கு, அத்தைக்கு, தறிக்காரர்களுக்கு என்று பதினோரு பொட்டலம். தன் கையால் காசு கொடுத்து வாங்கினாள்.

இறக்கம்

இறங்குவதற்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை தம்பி இ-பாஸ் எடுத்துக்கொண்டு காரோடு வந்தான். கோத்தகிரி வழியாக இறங்கலாம், வளைவு குறைவு என்றான். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். முதலில் கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழே மாயாறு கோடு கிழித்ததுபோல் போகிறது, தெங்குமரஹாடா வயல்கள் பச்சைக் கட்டமாகத் தெரிகின்றன, அதற்கப்பால் பவானிசாகர் அணையின் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடக்கிறது. அம்மா வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். எங்கள் ஊருக்கு அந்தத் தண்ணீரிலிருந்துதான் மீன் வரும். விரலை நீட்டி, தண்ணீர் முடிகிற இடத்திலிருந்து பவானி ஆறு வருகிற திசையில் மெதுவாக மேற்கே நகர்த்தினாள். மூட்டமான வெயிலில் ஊர் ஒன்றும் தெரியவில்லை, மலையும் குறுக்கே நின்றது. “இப்படியே போனா நம்மூடு. மாடியில துணி கெடக்கும். எடுக்கச் சொல்லலையே” என்றாள்.

கோத்தகிரி தாண்டி இருபது நிமிடத்தில் அம்மா தம்பியின் தோளைத் தட்டினாள். “ஓரமா நிறுத்து சாமி.” இறங்கி, சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நன்றாகவே எடுத்தாள். நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றாள், அவளுக்கு இதில் அசிங்கம் ஒன்றும் தெரியவில்லை. கணவர் கொஞ்சம் தள்ளி நின்று, “அத்தை, மெதுவா, அவசரமில்லைங்க” என்றார். அம்மா வாய் கொப்பளித்து, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நிஜமாகவே ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கடித்து ஒரு சொட்டு உறிஞ்சிவிட்டு, “சரி, போலாம்” என்றாள்.

ஆக, அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்பது பொய்யும் இல்லை. மசக்கை இல்லாத அம்பத்தொன்பது வயதிலும் எடுக்கத்தான் எடுத்தது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து யாரும் முப்பத்தெட்டு வருடம் வீட்டில் இருக்க மாட்டார்கள். அவள் பயந்தது மூக்கைப் பொத்துகிற ஒரு முந்தானைக்கு. சில இரவுகளில் அதுவும் இல்லை, அந்த ரேடியோவும் தறியும்தான் காரணம் என்று தோன்றுகிறது. இரண்டில் எது என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

போன வாரம் போனில் பேசும்போது பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை பற்றிப் பேச்சு வந்தது. “நீங்க ஊட்டிக்குப் போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்” என்றாள் அம்மா. பழைய பழக்கத்தில் “சரிம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, “ஏம்மா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தறியை விட்டு எழுந்து வந்து பேசுகிறாள் என்று தெரிந்தது, மூச்சு வாங்கியது.

“மயில்கழுத்து நீலத்துல ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். அந்தத் தோலு காஞ்சு கறுத்துப் போச்சு, ஞாபகத்துலதான் சாயம் சொல்லிப் போட்டிருக்கு. அது முடியட்டும். மே மாசம் கூட்டம் வேற. ஜூன்ல போலாமா?”

“ஜூன்ல மழை வந்துரும்மா.”

“வந்தா வரட்டும். ரயிலு ஓடுமான்னு மட்டும் கேட்டு வையி.”